கற்றலும் மீட்டலும்

மன்னார்த் தீவில் வாடைக்காற்றுடன் மழை இறங்கும் காலமும், கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை நிகழும் காலமும் அண்மை ஆண்டுகளில் ஒன்றாகிவிட்டன. முன்னர் ஓகஸ்ட் மாதத்திலே, சோளகம் வீசித் தரை காய்ந்து கிடக்கும் பருவத்தில் நடைபெற்று வந்த பரீட்சை, பெருந்தொற்றுக் காலத்தில் நிலை பெயர்ந்து, ஈற்றில் கார்த்திகை மழையோடு வந்து பொருந்திற்று. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆந் திகதி தொடங்கிய பரீட்சை, இரண்டு நாள் நடந்த அளவில் வெள்ளத்தினால் இடைநிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4 ஆந் திகதியே மீளத் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலோ, எஞ்சிய பாடங்களை 2026 சனவரிக்கே தள்ளிவிட்டது.

இத்தகைய இடையீடு இருவகை மாணாக்கரை இருவகையாகத் தாக்கும். பரீட்சைக்கு முதல் நாளிரவு விடிய விடியக் கண் விழித்துப் பாடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டவன், உள்ளங்கையில் நீரை ஏந்திக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுபவனை ஒப்பான். வழியில் ஒருவர் மறித்து நிறுத்தினால் நீர் விரலிடுக்கில் ஒழுகிவிடும். பரீட்சை ஒரு வாரம் பிற்பட்டது என்ற செய்தி அவனுக்கு ஓய்வு தருவதன்று. செய்த உழைப்பு முழுவதையும் திரும்பச் செய்க என்னும் ஆணையே ஆகும். ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக மீட்டு வந்தவனுக்கோ அவ்வாரம் ஒரு பொருட்டன்று. இவ்விருவரிடையே உள்ள வேற்றுமை அறிவின் வேற்றுமை எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது பயிலும் முறையின் வேற்றுமையே.

மன்னார் மாவட்டத்து மாணாக்கருக்கு இம்முறை பற்றிய அறிவு ஏனையோரினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களுள் 40 வீதம் நாடளாவிய திறமையினாலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டினாலும், 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கென்றும் வழங்கப்படுகின்றன. அக்கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களின் வரிசையில் மன்னாரும் ஒன்று. ஒதுக்கீடு இருப்பினும் இடங்களோ சில. இசற்புள்ளியின் மிகச் சிறு பின்னம் ஒருவனை உள்ளே விடுகின்றது, மற்றொருவனை வெளியே நிறுத்துகின்றது. தோற்றுதற்குரிய தடவைகளோ மூன்றே. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளையை அனுப்பி, அங்கே தங்கவும் வைக்க வல்ல குடும்பங்கள் முசலியிலும் மாந்தையிலும் எத்தனை? வகுப்பை விலை கொடுத்து வாங்க இயலாதவனுக்கும் உரியதாய் எஞ்சி நிற்பது பயிலும் முறை ஒன்றே.

மாணாக்கர் மிகப் பலர் அறிந்த முறை, மீண்டும் மீண்டும் வாசித்தல். குறிப்பேட்டை ஒருமுறை வாசிப்பர். பின்னர் வண்ணக் கோலால் வரிகளின் மேல் நிறந் தீட்டுவர். பின்னர் நிறந் தீட்டிய வரிகளை மட்டும் வாசிப்பர். மூன்றாம் முறை வாசிக்கையில் வரிகள் பழகிய முகம் போல் தோன்றும். அப்பழக்கத்தை அறிவென்று கொள்வதே ஏமாற்றத்தின் தோற்றுவாய். தெருவில் எதிர்ப்படுபவனைக் கண்டவுடன் தெரிந்தவன் என அறிதல் வேறு. அவன் இல்லாவிடத்து அவன் பெயரையும் ஊரையும் கூறுதல் வேறு. பரீட்சை மண்டபத்திற் கேட்கப்படுவது பின்னையதே.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் உளவியலார் இருவர் இதனைச் சோதித்து 2006 இல் வெளியிட்டனர். கல்லூரி மாணாக்கருள் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை வாசித்தபின் அதனையே மறுபடியும் வாசித்தனர்; மற்றொரு சாரார் வாசித்தபின் ஏட்டை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, மறுபடி வாசித்தவர் 81 வீதமும் எழுதிப் பார்த்தவர் 75 வீதமும் நினைவு கூர்ந்தனர். வாசித்தலே வென்றது போலும்! ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, வாசித்தவரிடம் 42 வீதமும் எழுதியவரிடம் 56 வீதமும் எஞ்சி இருந்தன. இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. அவ்வாய்வின் இரண்டாம் பகுதியில், பலமுறை வாசித்தவரே தமக்குப் பாடம் நன்கு நினைவிலிருக்கும் என மிகுந்த நம்பிக்கையோடு கூறினர். இறுதியில் மிகுதியாக மறந்தவரும் அவரே. மாணாக்கன் தன் உள்ளத்தைத் தானே கேட்டுப் பெறும் சான்று, இவ்விடயத்தில் நம்புதற்குரியதன்று.

மறதி எவ்வளவு விரைவானது என்பதை முதன்முதல் அளந்து காட்டியவர் செருமானிய அறிஞர் எபிங்ஹவுஸ். 1885 இல் வெளிவந்த அவரது நூலுக்குச் சோதனைப் பொருளாயிருந்தவர் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளை வரிசைப்படுத்தி மனனஞ் செய்து, காலம் விட்டு அவற்றை மீளக் கற்று, முதலிற் செலவிட்ட உழைப்பில் எத்துணை மிச்சமாகின்றது எனக் கணித்தார். ஒரு மணி நேரத்தின் பின் மிச்சம் 44 வீதம். ஒரு நாளின் பின் ஏறக்குறைய 34 வீதம். ஒரு மாதத்தின் பின் 21 வீதம். மறதி முதல் நாளிலேயே தன் வேலையிற் பெரும்பங்கை முடித்துவிட்டு, பின்னர் மெல்ல நடக்கின்றது. அவர் கண்ட மற்றொன்று இன்னும் பயனுடையது. பன்னிரண்டு அசைகொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை திருப்பி ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். உழைப்பு ஏறக்குறையப் பாதி, பயன் ஒன்று. இரவெல்லாம் விழிக்கும் மாணாக்கன் சோம்பேறி அல்லன். வேண்டியதனினும் மிகையாக உழைத்துக் குறைவாகப் பெறுபவன்.

இவ்வளவும் மேனாட்டார் நேற்றுக் கண்டது எனக் கருதுவோர் நன்னூலைத் திறந்து பார்த்தல் நன்று. பவணந்தி முனிவர் தம் இலக்கணத்தின் முகப்பில், பொதுப்பாயிரத்தில், ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் உரிய இயல்புகளை வகுத்துள்ளார். ஆறுமுகநாவலர் இந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தமையால் ஈழத்தில் அது பல தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்தது. ஆயினும், தேர்வுக்கு வரும் சூத்திரங்களை மனனஞ் செய்யும் மாணாக்கர், அச்சூத்திரங்களை எங்ஙனம் கற்க வேண்டும் எனச் சொல்லும் பகுதியைக் கடந்து போய்விடுகின்றனர். உலக வழக்கை அறிதலும், பாடத்தைப் போற்றுதலும், கேட்டவற்றைத் திரும்ப நினைத்தலும், ஆசிரியரை மீண்டும் அடைந்து ஐயம் நீங்கக் கேட்டலும், உடன் கற்போரொடு பழகுதலும், அவரிடம் வினாவுதலும், அவர் வினாவுக்கு விடையளித்தலும் என்று அங்கு ஒரு முறை சொல்லப்படுகின்றது. இவற்றுள் ஏட்டைப் பார்த்து மறுபடி வாசித்தல் தனியே எண்ணப்படவில்லை என்பதும், நினைத்தலும் வினாவுதலும் விடுத்தலுமே பெரும்பான்மை என்பதும் நோக்கத்தக்கன.

அதனைத் தொடர்ந்து வரும் கணக்கு இன்னும் வியப்புடையது. ஆசிரியர் கூறியதைச் செவ்விதாக உள்வாங்கிய மாணாக்கனும் கல்வியில் நாலில் ஒரு பங்கையே பெறுவான். உடன் கற்போரொடு பயிலுதலால் மற்றொரு பங்கு வரும். எஞ்சிய இரு பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது அதன் கருத்து. நாட்டின் வகுப்பறைகள் இக்கணக்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. நாட்பொழுது முழுவதும் பாடசாலையில் ஆசிரியர் சொல்லக் கேட்டு, மாலையில் தனியார் வகுப்பில் மற்றோர் ஆசிரியர் அதனையே சொல்லக் கேட்பவன், அந்த நாலில் ஒரு பங்கையே இருமுறை விலைக்கு வாங்குகின்றான். 2014 இல் நெஸ்ரோய்க்கோவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றில், வாசித்ததைப் பிறர்க்குக் கற்பிக்க வேண்டியிருக்கும் என எதிர்பார்த்து வாசித்தவர், சோதனைக்காக வாசித்தவரினும் செய்திகளை ஒழுங்குபட நினைவு கூர்ந்தனர். கற்பிக்கும் எண்ணமே அத்துணைப் பயன் தருமாயின், கற்பித்தல் எத்துணைப் பயன் தராது?

நூலிற் கண்டது வழக்கிலும் இருந்தது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணாக்கர் மணலைப் பரப்பி விரலால் எழுதினர். மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில், படைவீரரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய அந்திரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், நாட்டுப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் மேற்கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர் 1797 இல் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்திற் பரவியது. தமிழ்ப் பிள்ளையின் திண்ணை ஆங்கிலப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாயிற்று. தமிழ்ப் பிள்ளையோ அத்திண்ணையை விட்டு இறங்கி நெடுநாளாயிற்று.

உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இளமைக் கல்வியை விவரிக்குமிடத்து, அரிய வழக்கம் ஒன்றைக் குறித்துள்ளார். மாலையிற் பிள்ளைகள் வீடு செல்லுமுன் உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரோ, விலங்கின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார்; மறுநாள் அதனை மறவாது வந்து சொல்ல வேண்டும். விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வழக்கத்தில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன: இடையில் ஓர் இரவு கழிகின்றது, பார்த்துச் சொல்ல ஏடு எதுவும் கையில் இல்லை.

எனினும், பழையதெல்லாம் போற்றத்தக்கது என்று இதனால் முடிவு செய்தல் ஆகாது. திண்ணைப் பள்ளியின் மனனம் வரிசையைப் பற்றிக்கொண்டு நடந்தது. முதலடி கிடைத்தால் ஈற்றடி வரை தடையின்றி ஓடும். நடுவில் ஓரடியைக் கேட்டால் வாய் அடைத்துவிடும். இன்றும் இந்துநாகரிகத்திலும் புவியியலிலும் சிலர் எழுதும் விடை இத்தகையதே. வினா எதுவாயினும் குறிப்பேட்டின் முதற் பந்தியிலிருந்து தொடங்கி எழுதுவர். மீட்டல் என்பது ஒப்புவித்தல் அன்று. பாடத்தின் எவ்விடத்தைத் தொட்டு வினாவினும், அவ்விடத்திலிருந்தே எடுத்துரைக்க வல்லனாதலே மீட்டல்.

மன்னார் வாழ்க்கையின் அமைப்பு இதற்குத் தடை என்பர் சிலர். கடற்றொழில் செய்யும் வீட்டில் வலையும் மீனும் விடியற்காலச் சந்தடியும் உண்டு, தனியறை இல்லை. பெண்பிள்ளையாயின் தண்ணீரும் அடுப்பும் தம்பி தங்கையரும் அவள் பொறுப்பு. மூன்று மணி நேரம் தொடர்ந்து மேசையில் அமர்க என அத்தகையவளுக்கு அறிவுரை கூறுதல் நகைப்புக்கிடமானது. ஆனால் ஏட்டை மூடி நினைத்துப் பார்த்தற்கு மேசை வேண்டியதில்லை. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பேசாலையைத் தாண்டி வரும் பேருந்தில் நின்றவண்ணமே, முதல் நாள் கற்ற இரசாயனவியற் சமன்பாடுகளை ஒவ்வொன்றாக மனத்தில் எழுப்பிப் பார்க்கலாம். எழாதவை எவை என்பதை மட்டும் இறங்கியபின் ஏட்டிற் காணலாம். அடுப்படியில் இருப்பவள் சாதாரண தரத்திற் படிக்கும் தங்கைக்கு உயிரியற் பாடத்தை வாய்மொழியாக விளக்கலாம். தங்கை விளங்கவில்லை என்று கூறும் இடமே அக்காள் தானும் விளங்கிக்கொள்ளாத இடம். கரையோரத்துப் பிள்ளைக்கு மணலுக்கும் பஞ்சமில்லை. வரைபடத்தை மணலிற் கீறிப் பார்த்து அழித்து மறுபடி கீறலாம். தாளுக்குச் செலவும் இல்லை.

கடந்தகால வினாத்தாள்களைப் பயன்படுத்தும் வகையிலும் திருத்தம் வேண்டும். அரிப்பு, சிலாபத்துறைக் கடலில் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் முத்துக்குளிப்பு நடைபெறுமுன், பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, அவற்றிலுள்ள முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே அவ்வாண்டு குளிக்கலாமா என்று முடிவு செய்வர். சிப்பியின் புறத்தோட்டைப் பார்த்து எவரும் முத்தைக் கணித்ததில்லை. வினாத்தாளையும் விடையையும் அருகருகே வைத்துக்கொண்டு, இது தெரியும், இதுவும் தெரியும் என்று தலையசைத்துச் செல்பவன் செய்வதோ புறத்தோட்டைப் பார்க்கும் வேலையே. நேரங் குறித்து, ஏடின்றி, முழு விடையும் எழுதிய பின்னரே பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித் திட்டத்தை எடுத்தல் வேண்டும். தன் விடைக்குத் தானே இரக்கமின்றிப் புள்ளியிட்டுப் பார்ப்பவன், தான் அறிந்தும் எழுதத் தவறிய சொல் எது என்பதைக் காண்பான். அத்தாளை ஆண்டின் தொடக்கத்திலேயே தொடங்குதலும் வேண்டும். பாடத்திட்டம் முடிந்த பின்னரே வினாத்தாள் என்று காத்திருப்போருக்குப் பாடத்திட்டம் முடிவதில்லை.

இணைந்த கணிதம் பயில்வோர்க்கு ஒரு சொல். ஒரே வகைக் கணக்கை இருபது முறை தொடர்ந்து செய்வது கையைப் பழக்கும். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தெரியுந் திறனைப் பழக்காது. ரோறரும் ரெயிலரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், திண்மங்களின் கனவளவு காணும் நால்வகைக் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துச் செய்தவர் பயிற்சியின்போது 89 வீதம் சரியாகச் செய்தனர். கலந்து செய்தவர் 60 வீதமே. ஒரு வாரத்தின் பின் நடந்த சோதனையில் முன்னவர் 20 வீதத்துக்கு இறங்கினர். பின்னவர் 63 வீதத்தில் நின்றனர். பயிற்சியின்போது இடறுதல் குறையன்று என்பதை ஆசிரியரும் உணர்தல் நன்று. பிள்ளையின் பயிற்சிக் கொப்பி முழுவதும் சரியெனக் குறியிட்டு இருப்பதைக் கண்டு மகிழும் பெற்றோர் முக்கியமாக உணர வேண்டும்.

மீட்டலுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்ற வினாவுக்கும் விடை உண்டு. செப்பேடாவும் அவருடன் ஆய்ந்தோரும் 2008 இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு கண்ட முடிவின்படி, ஏழு நாளின் பின் சோதிக்கப்படுவோர்க்கு ஒரு நாள் இடைவெளியும், 350 நாளின் பின் சோதிக்கப்படுவோர்க்கு 21 நாள் இடைவெளியும் சிறந்த பயனைத் தந்தன. ஆதலின் தை மாதத்திற் கற்ற பாடத்தை மறுநாளே ஒருமுறை எழுப்பிப் பார்த்து, பின்னர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மீட்டுவரின் போதும். சற்றே மறந்த பின்னர் முயன்று நினைவு கூர்வதிலேயே பயன் மிகுதி. மறக்குமுன் மீட்டல் ஏற்கெனவே நிறைந்த குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

உறக்கத்தைப் பற்றி நீள உரைக்க வேண்டியதில்லை. கற்றபின் உறங்கியவர், கற்றபின் விழித்திருந்தவரினும் குறைவாகவே மறக்கின்றனர் என்பதை ஜென்கின்சும் டாலன்பாக்கும் 1924 இலேயே காட்டிவிட்டனர். தேநீரைக் குடித்து விடியும் வரை அமர்ந்திருப்பவன், கற்றதைக் காத்துத் தரும் காவலனை வீட்டைவிட்டுத் துரத்துகின்றான்.

மன்னார் மண்ணிற் புத்தகம் நிலையான உடைமையாக இருந்ததில்லை. 1990 இல் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றபோதும், பின்னர் 2007 முதல் மாந்தை மேற்கு மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து வன்னிக்குட் சென்றபோதும், எல்லாவற்றையும் சுமந்து செல்ல எவராலும் இயலவில்லை. இப்பொழுது அருவியாற்று வெள்ளம் தாழ்ந்த வீடுகளுட் புகுங்கால், குறிப்பேடுகளே முதலில் நனைகின்றன. மின்சாரம் நின்று, பரீட்சை எந்நாள் தொடங்கும் என்று தெரியாது, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ பாடசாலை மண்டபத்திலோ ஒதுங்கியிருக்கும் மாணாக்கனிடம் ஒரு வெற்றுத் தாளும் எழுதுகோலும் இருப்பின், அடுத்த பாடத்தின் அலகுகளின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நினைவுக்கு வருவதை நிரப்பிக்கொண்டு போகலாம். வெறுமையாக எஞ்சும் இடங்களை, அருகில் ஒதுங்கியிருக்கும் சக மாணாக்கனிடம் கேட்டு நிரப்பலாம். அவனுடைய தாளில் வெறுமையாக இருப்பவற்றை இவன் விளக்கலாம்.